தாலியும் பதிவேடும்: தென்னாப்பிரிக்கத் தமிழர் மணத்துரோகத்தைப் பார்க்கும் விதம்

"கள்ள உறவுக்கு இனி வழக்கே போட முடியாதாம்" என்ற பேச்சு டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், லெனேசியா எனத் தமிழ்க் குடும்பங்கள் வாழும் இடங்களில் பத்தாண்டுகளாக அவ்வப்போது தலைதூக்குகிறது. மணமானவரோடு உறவு வைத்த மூன்றாம் ஆளிடம் இழப்பீடு கேட்டு இனி வழக்குப் போட முடியாது என்று 2015 ஜூன் 19 அன்று தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம் அளித்த தீர்ப்பு அதற்குக் காரணம். 2021இல் அரசு வெளியிட்ட திருமணங்கள் குறித்த கலந்தாய்வு அறிக்கை குழப்பத்தை இரட்டிப்பாக்கியது. ஒரு பெண் பல கணவரை மணப்பதும் பேசப்பட வேண்டிய ஒரு வழியாக அதில் இடம்பெற்றிருந்ததால், தேவாலயம், மசூதி, கோயில் என எல்லாப் பக்கமும் கொதிப்பு எழுந்தது. சட்டம் துரோகத்துக்குக் கதவைத் திறந்துவிட்டது என்று பலர் முடிவே கட்டிவிட்டார்கள்.

அந்த முடிவு தவறு. சட்டம் என்ன செய்தது என்பதைப் புரிந்துகொள்ள, நம் சமூகம் இந்த விஷயத்தை இத்தனை காலம் எப்படிக் கையாண்டது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இங்குள்ள தமிழர் மணத்துரோகத்தின் மீது காட்டும் கடுமைக்கும் அதைச் சுற்றிக் கட்டிய மௌனத்துக்கும் மறைநூல் ஒரு காரணம். அதைவிட வலுவான காரணம் வரலாறு. நம் திருமணம் திருமணம்தானா என்று அரசாங்கம் சந்தேகித்துக்கொண்டே இருந்த நாட்டில் நாம் குடும்பம் நடத்தினோம். அந்தச் சந்தேகத்தின் விலையைப் பெரும்பாலும் பெண்களே கொடுத்தார்கள் என்பது என் கருத்து.

முதலில் சொற்கள்

பேச்சில் நான்கு வெவ்வேறு விஷயங்கள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. அவற்றைப் பிரித்துக்கொள்வோம்.

1. பிறன்மனை உறவு. மணமான ஒருவர் தம் துணையல்லாத ஒருவரோடு விரும்பிக் கொள்ளும் உடலுறவு. நீதிமன்றங்கள் பேசியது இதைப் பற்றி மட்டுமே.

2. துரோகம். இது அகலமான சொல். கைப்பேசியில் மறைத்து வைத்த பேச்சும் இதில் அடங்கும், வீட்டுக்குத் தெரியாமல் வேறு வீட்டுக்குப் போகும் சம்பளமும் அடங்கும். சட்டத்தில் இதற்கு இலக்கணம் கிடையாது.

3. இருதாரம். ஒரு பதிவுத் திருமணம் நடப்பில் இருக்கும்போது இன்னொரு பதிவுத் திருமணம் செய்வது. தென்னாப்பிரிக்காவில் இது இன்றும் குற்றம்.

4. சின்னவீடு. பதிவும் சடங்கும் இல்லாமலோ, சடங்கு மட்டும் செய்தோ நடத்தும் இரண்டாம் குடும்பம். சட்டத்தில் இதற்குத் தனிப் பெயர் இல்லை. ஆனால் இதிலிருந்து எழும் சொத்து வழக்குகள் உண்டு.

தமிழில் இந்தச் சொற்கள் நடந்துகொள்ளும் விதத்தைக் கவனியுங்கள். ஆணுக்கு 'சின்னவீடு', 'தொடுப்பு' என்கிறோம். அவனுக்கு ஏதோ ஒன்று கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது, பெரிய வீடு அப்படியே நிற்கிறது என்ற தொனி அதில் இருக்கிறது. பெண்ணுக்கு 'ஓடிப்போனவள்', 'ஓடுகாலி' என்கிறோம். அவள் வீட்டுக்கு வெளியே போய்விட்டாள், திரும்பி வர இடமில்லை. ஒரே செயலைக் குறிக்கும் சொற்களிலேயே ஒருவனுக்கு வீடும் மற்றவளுக்குத் தெருவும் கொடுத்துவிட்டோம். தமிழைப் பெரும்பாலும் மறந்துவிட்ட இளைய தலைமுறைகூட ஆங்கிலப் பேச்சின் நடுவே இந்தப் பாகுபாட்டை விடவில்லை.

கப்பலில் தொடங்கிய கணக்கு

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் 342 பேரை டர்பன் துறைமுகத்தில் இறக்கியது. 1911 வரை, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாக வந்த தமிழரும் தெலுங்கரும்.

தோட்ட முதலாளிகளுக்குக் கரும்பு வெட்டும் கைகள்தான் வேண்டியிருந்தன. பெண்களைக் கட்டாயம் சேர்த்து அனுப்ப வேண்டும் என்று அரசு வற்புறுத்தியது. பின்னாளில் நிலைபெற்ற விதி நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள். அதாவது ஒரு கப்பலில் வந்த ஆண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்தக் கப்பலிலிருந்து மணத்துணை கிடைக்க வழியே இல்லை. இந்தக் கணக்கு மூன்று விளைவுகளைத் தந்தது.

1. ஊரில் உறவும் சாதியும் குலதெய்வமும் பார்த்து நடந்த திருமணம், இங்கே கூலிக் கிடங்கிலும் கப்பல் தளத்திலும் இரண்டு பேர் சேர்ந்து வாழ ஒப்புக்கொள்வதாகச் சுருங்கியது. சாட்சி சொல்ல மாமனும் இல்லை, மச்சானும் இல்லை.

2. தோட்டக் குடியிருப்பு வரிசைகளில் தனியறை என்பதே அரிது. சர்தார் எனப்பட்ட கங்காணியும் வெள்ளை மேற்பார்வையாளரும் பெண்களைத் தொந்தரவு செய்தால் தடுக்க ஆளில்லை. வற்புறுத்தலுக்கும் விருப்பத்துக்கும் இடையே உள்ள கோடு அங்கே பல நேரம் பெண்ணின் கையில் இல்லை.

3. கொலையோ தற்கொலையோ நடந்தால் அதிகாரிகள் எளிதாக எழுதிய காரணம் பொறாமையும் பெண்களின் ஒழுக்கக்கேடும்தான். வேலைப் பளுவும் அடியும் அநாதரவும் அந்த அறிக்கைகளில் பின்னுக்குப் போயின.

மூன்றாவது விளைவு நீண்ட காலம் நின்றது. 'கூலிப் பெண்கள் ஒழுக்கம் கெட்டவர்கள்' என்ற வெள்ளையரின் பழியைத் துடைக்க வேண்டிய பொறுப்பு அடுத்த தலைமுறைக் குடும்பங்களின் மேல் விழுந்தது. அவர்கள் அதைத் துடைத்த வழி, தங்கள் மகள்களைக் கூடுதலாகக் காவல் காப்பது. 'நம் பெண்கள் அப்படிப்பட்டவர்கள் அல்ல' என்று நிரூபித்தாக வேண்டிய சமூகத்தில், ஒரு வீட்டில் நடந்த பிறழ்வு அந்த வீட்டோடு நிற்பதில்லை. அது ஊருக்கே தலைகுனிவாகிவிடுகிறது.

1913, 1914: மனைவி என்ற சொல்லுக்காக ஒரு போராட்டம்

1872ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் என்ற பதவியை நேட்டாலில் உண்டாக்கியது. ஒப்பந்தக் கூலிகளின் திருமணங்கள் அந்த அலுவலகத்தில் பதிவாகின. ஆனால் எல்லாரும் பதிந்துவிடவில்லை. கோயிலில் தாலி கட்டி, ஊருக்குச் சோறு போட்டால் திருமணம் முடிந்தது என்பதே பலரின் எண்ணம்.

1913 மார்ச் 14 அன்று கேப் உச்ச நீதிமன்ற நீதிபதி சர்ல் ஒரு தீர்ப்பு அளித்தார். ஒரு முஸ்லிம் கணவர் இந்தியாவிலிருந்து தம் மனைவியை அழைத்துவந்த வழக்கு அது. பலதார மணத்தை அனுமதிக்கும் மதத்தின் சடங்குப்படி நடந்த திருமணம் இந்த நாட்டுச் சட்டத்தில் திருமணமாகாது என்பது தீர்ப்பின் சாரம். ஒருவருக்கு ஒருவர் என்று வாழ்ந்த தம்பதியருக்கும் அது பொருந்தியது. மதம் அனுமதிக்கிறது என்பதே போதும், திருமணம் செல்லாது. இந்து, முஸ்லிம் மனைவிகள் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் ஆசைநாயகிகள் ஆனார்கள். அவர்களின் குழந்தைகள் முறையற்ற குழந்தைகள் ஆனார்கள்.

அதுவரை சத்தியாகிரகத்தில் பெண்களைச் சேர்க்கத் தயங்கிய காந்தி அதன் பிறகு தயங்கவில்லை. ஜொகன்னஸ்பர்க்கின் தமிழ்ப் பெண்கள், போராட்டத் தலைவர்களில் ஒருவரான தம்பி நாயுடுவின் மனைவி வீரம்மாள் உட்பட, கைக்குழந்தைகளோடு மாகாண எல்லை கடந்து நேட்டாலின் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய் வேலைநிறுத்தத்தைத் தூண்டினார்கள். சிறை சென்றார்கள். சிறையிலிருந்து நோயோடு வெளிவந்த வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தபோது அவருக்கு வயது 16. தில்லையாடி வள்ளியம்மையை, ஒப்பந்தம் முடிந்தும் தங்கிய இந்தியர் மேல் விதித்த மூன்று பவுன் தலைவரியை எதிர்த்து உயிர்நீத்தவராக நாம் நினைவுகூர்கிறோம். அதே போராட்டத்தின் இன்னொரு கோரிக்கை, கோயிலில் தாலி கட்டியவளை மனைவி என்று ஒப்புக்கொள் என்பது. மணமாகாத அந்தச் சிறுமி அதற்காகவும் சிறையில் இருந்தார் என்பதை நாம் அடிக்கடி சொல்லவேண்டும்.

1914இல் இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது. ஒருவருக்கு ஒரு மனைவி என்ற அளவில் இந்தியத் திருமணங்களைப் பதியவும், மதகுருமார்களைத் திருமண அலுவலர்களாக நியமிக்கவும் அது வழி செய்தது. அதே 1914இல் நாட்டின் மேல்முறையீட்டு நீதிமன்றம் வேறொரு வழக்கில், பிறன்மனை உறவு என்ற குற்றம் வழக்கொழிந்துவிட்டது, அதற்காக யாரையும் தண்டிக்க முடியாது என்று சொல்லிவிட்டது.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். நம் திருமணத்தை அரசு ஏற்ற அதே ஆண்டில், திருமணத்தை மீறுவதைக் குற்றமாகக் கருதுவதை அரசு கைவிட்டது. ஆகவே இங்குள்ள தமிழர் வாழ்வில் 'சட்டம் பார்த்துக்கொள்ளும்' என்று சொல்லக்கூடிய காலம் ஒன்று இருந்ததே இல்லை. குடும்பமும் கோயிலும்தான் காவல். 2015இல் காவல் போய்விட்டது என்று வருந்துகிறவர்கள், அது எந்தக் காலத்திலும் நீதிமன்றத்திடம் இருக்கவில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள்.

மதங்கள் யாரிடம் பேசுகின்றன?

எல்லா மதங்களும் துரோகத்தைத் தவறு என்றுதான் சொல்கின்றன. அதில் வேறுபாடு இல்லை. வேறுபாடு, அந்தக் கட்டளை யாரை நோக்கிச் சொல்லப்படுகிறது என்பதில் இருக்கிறது.

இந்துத் தமிழரின் திருமணத்தில் மணமகள் அம்மி மிதிக்கிறாள். மணமகன் அவள் காலைப் பிடித்துக் கல்லின் மேல் வைத்து மெட்டி போடுகிறான். கல்லைப் போல் உறுதியாக இரு என்பது ஒரு விளக்கம். கல்லாகிப்போன அகலிகையை நினைத்துக்கொள் என்பது பாட்டிமார் சொல்லும் விளக்கம். பிறகு அருந்ததி காட்டுகிறார்கள். வசிட்டரை விட்டு விலகாத கற்பின் சின்னம் அது. மணமகன் எந்தக் கல்லையும் மிதிப்பதில்லை, எந்த விண்மீனையும் பார்த்து உறுதி சொல்வதில்லை.

அருந்ததியும் வசிட்டரும் சப்தரிஷி மண்டலத்தில் வடவானில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அண்ணாந்து பார்த்தால் தெரியும். டர்பன் இருக்கும் அட்சரேகையில் அந்த இணை தொடுவானத்திலிருந்து ஏறத்தாழ ஐந்து பாகைக்கு மேல் எழுவதே இல்லை. குன்றுகளும் கட்டடங்களும் மறைக்க, பெரும்பாலான இடங்களில் அதைப் பார்க்கவே முடியாது. பகல் நேரக் கல்யாணம் என்றால் சொல்லவே வேண்டாம். இருந்தும் நூற்று அறுபது ஆண்டுகளாகப் பூசகர் வடக்கே கை காட்டுகிறார், மணமகள் தலை தூக்கிப் பார்க்கிறாள். கண்ணுக்குத் தெரியாத விண்மீனைச் சாட்சியாக வைத்து அவள் மட்டும் வாக்குக் கொடுக்கிறாள்.

ஆனால் நம் மரபு முழுவதும் பெண்ணை நோக்கியே பேசுகிறது என்று சொல்வதும் தவறு. திருக்குறளின் 15ஆம் அதிகாரம் பிறனில் விழையாமை. அதன் பத்துக் குறளும் ஆணிடம் பேசுகின்றன. "பகைபாவம் அச்சம் பழியென நான்கும் இகவாவாம் இல்லிறப்பான் கண்" என்று, பிறன் வீட்டு வாசலைத் தாண்டுகிறவனை விட்டு நீங்காத நான்கையும் வள்ளுவர் எண்ணிச் சொல்கிறார். பிறன் மனைவியை நோக்காமல் இருப்பதற்கு அவர் வைத்த பெயர் 'பேராண்மை'. காவல் வைப்பதால் என்ன பயன், பெண் தன் நிறையால் தன்னைக் காப்பதே தலை என்றும் அவரே சொன்னார். இங்குள்ள தமிழ்ப் பள்ளிகளிலும் ஆண்டுவிழா மேடைகளிலும் குழந்தைகள் குறள் ஒப்பிக்கிறார்கள். கடவுள் வாழ்த்தும் கல்வியும் விருந்தோம்பலும் கேட்டிருக்கிறோம். பிறனில் விழையாமை அதிகாரம் மேடையேறுவது அரிது. குழந்தைகளுக்கு அது வேண்டாம் என்பது புரிகிறது. கோயில் நிர்வாகக் கூட்டத்தில் வாசிக்கலாமே.

தீமிதியும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. திரௌபதை அம்மனும் மாரியம்மனும் ஒப்பந்தக் கூலிகளோடு கப்பலேறி வந்த தெய்வங்கள். பெரிய வெள்ளியன்று இசிபிங்கோ மாரியம்மன் கோயிலில் கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த பக்தியின் ஆழம் தெரியும். தீ மிதிக்கிறவர் காப்புக் கட்டி, பத்து நாள் போல விரதம் இருந்து, கணவன் மனைவி உறவையும் தவிர்க்கிறார். உடலும் மனமும் தூய்மையாக இருந்தால் நெருப்பு சுடாது என்பது நம்பிக்கை. இந்த விரதம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. தீக்குழியின் முன் ஆணின் ஒழுக்கமும் கேள்விக்கு உள்ளாகிறது. ஆண்டில் பத்து நாளாவது நம் சமயம் ஆணிடம் கேட்கிறது என்று இதை நான் எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பத்து நாளை மணவாழ்க்கை முழுவதற்கும் நீட்டிக்க ஏன் யாரும் முயலவில்லை என்பதுதான் எனக்கு விளங்காதது.

இஸ்லாத்தில் விபச்சாரம் கடுமையான பாவம். ஆனால் அதை நிரூபிக்க நான்கு கண்சாட்சிகள் வேண்டும். கற்புள்ள பெண்ணின் மேல் பழி சுமத்தி நான்கு சாட்சிகளைக் கொண்டுவராதவனுக்குக் குர்ஆனின் 24ஆம் அத்தியாயம் எண்பது கசையடி விதிக்கிறது. புறங்கூறலைக் குற்றமாக்கிய ஏற்பாடு இது. தென்னாப்பிரிக்காவில் இந்தத் தண்டனைகள் எதுவும் நடைமுறையில் இல்லை என்றாலும், 'சாட்சி இருக்கிறதா?' என்ற கேள்வி வதந்திக்கு முன் ஒரு தடுப்பாக நிற்கிறது. இந்துத் தமிழ் வீடுகளில் அத்தகைய தடுப்பு இல்லை. பக்கத்து வீட்டுக்காரி கார் நின்றதைப் பார்த்தாள் என்றாலே தீர்ப்பு எழுதிவிடுவோம். மறுபுறம், நான்கு மனைவியர் வரை அனுமதி உள்ளதால், ஓர் ஆணின் இரண்டாம் உறவு நிக்காஹ் என்ற பெயரில் முறையாகிவிட முடிகிறது. பெண்ணுக்கு அந்த வாசல் இல்லை.

கிறித்தவத் தமிழரில் கத்தோலிக்கருக்குத் துரோகம் பாவம், ஆனால் திருமணக் கட்டை அது அறுக்காது. புராட்டஸ்டண்டு சபைகள் மத்தேயு நற்செய்தியைக் காட்டி, வேசித்தனம் நேர்ந்தால் விலக்கு ஆகலாம் என்று பொருள் கொள்கின்றன. 1930களிலிருந்து டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் வேகமாக வளர்ந்த பெந்தெகொஸ்தே சபைகள், குறிப்பாகப் பெத்தேசதா, தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் பலவற்றை ஈர்த்தன. அங்கே ஆணும் பெண்ணும் ஒரே விதமாகப் பாவத்தை அறிக்கையிட வேண்டும். குடியையும் சின்னவீட்டையும் விட்டுவிட்டதாகச் சபை நடுவே எழுந்து சாட்சி சொல்லும் கணவனை இந்துக் கோயிலில் காண முடியாது. மதம் மாறிய மனைவியரை எது இழுத்தது என்று கேட்பவர்கள் இதையும் எண்ணிப் பார்க்கலாம்.

ஊர் எப்படித் தண்டிக்கிறது

டர்பனின் மேகசின் பாரக்ஸ் குடியிருப்பில் மாநகராட்சித் தொழிலாளர்களான தமிழரும் தெலுங்கரும் ஒட்டிய சுவர்களுக்குள் வாழ்ந்தார்கள். அங்கே இரகசியம் என்று ஒன்று இருக்க வாய்ப்பில்லை. கணவன் எங்கே போகிறான் என்பது எல்லாருக்கும் தெரியும், எல்லை மீறினால் பெரியவர்கள் கூப்பிட்டுக் கண்டிக்கவும் முடியும். 1950ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் இத்தகைய குடியிருப்புகளைக் கலைத்து, இந்தியருக்கென ஒதுக்கிய குடியிருப்புகளான சாட்ஸ்வர்த்துக்கு 1960களிலும் ஃபீனிக்ஸுக்கு 1970களிலும் மக்களைத் தூக்கிப் போட்டது. கூட்டுக் குடும்பம் சிறு வீடுகளாகச் சிதறியது. கண்டிக்கும் பெரியவர் 'யூனிட்' எனப்படும் ஒரு பகுதியில், கேட்க வேண்டிய பேரன் பத்து மைல் தள்ளி இன்னொரு யூனிட்டில். புறம்பேச்சு மட்டும் பஸ் ஏறிக் கூடவே வந்தது.

இன்று ஊர் தண்டிக்கும் முறை பெரும்பாலும் இப்படி நடக்கிறது.

1. மூடுதல். 'வீட்டு விஷயம் வெளியே போகக் கூடாது.' மாமியாரும் தாயும் ஒரே குரலில் சொல்வது இதுதான்.

2. காரணம் தேடுதல். அவன் போனதற்கு இவள் என்ன செய்தாள்? சமையலா, கோபமா, வேலைக்குப் போனதா? இந்த விசாரணையில் ஒருபோதும் போனவன் குற்றவாளியாவதில்லை, வீட்டில் இருப்பவள்தான் ஆகிறாள்.

3. விலக்குதல். சொல்லாமல் செய்யும் தண்டனை இது.

மூன்றாவதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். கல்யாணத்துக்கு முந்தைய நாள் நலங்கு. முற்றத்தில் மணை போட்டுப் பெண்ணை உட்கார வைத்திருக்கிறார்கள். தட்டில் மஞ்சள், எண்ணெய், அறுகம்புல். சுமங்கலிப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து வைக்கிறார்கள். அத்தை, பெரியம்மா, மாமி என்று பெயர் சொல்லி அழைக்கிறார்கள். சுவரோரம் சித்தி ஒருத்தி நிற்கிறாள். கணவன் வேறொருத்தியோடு போய் ஆண்டுகள் ஆகிவிட்டன. தாலி இன்னும் கழுத்தில் இருக்கிறது. அவள் பெயரை யாரும் கூப்பிடுவதில்லை, வராதே என்றும் சொல்வதில்லை. வரிசை அவளைத் தாண்டிப் போகிறது. அடுத்த நாள் அந்தக் கணவன் கோட் அணிந்து வாசலில் நின்று விருந்தினரைக் கைகுலுக்கி வரவேற்கிறான்.

தவறு செய்தவனுக்கு வரவேற்பும், தவறு இழைக்கப்பட்டவளுக்கு விலக்கும். இதைச் சமயம் கற்பிக்கவில்லை. எந்தச் சாத்திரத்திலும் எந்தக் குறளிலும் இதற்கு ஆதாரம் கிடையாது. 'முழுமையான குடும்பம்' என்ற தோற்றத்தை வெளியாருக்குக் காட்டியே தீர வேண்டிய பழைய அச்சம் இது.

சட்டம் இன்று என்ன சொல்கிறது

1. பிறன்மனை உறவு குற்றமா? இல்லை. 1914இலிருந்தே இல்லை. இந்தியத் தொலைக்காட்சி பார்ப்பவர்களுக்கு இதில் குழப்பம் வருகிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவை இந்திய உச்ச நீதிமன்றம் ஒழித்தது 2018 செப்டம்பர் 27 அன்றுதான். அந்தப் பிரிவு இந்நாட்டுக்கு எப்போதும் பொருந்தியதில்லை.

2. உறவு வைத்த மூன்றாம் ஆளிடம் பணம் கேட்கலாமா? 2015 வரை கேட்கலாம். 2014 செப்டம்பரில் மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றமும், 2015 ஜூனில் அரசியலமைப்பு நீதிமன்றமும் அந்த வழியை அடைத்தன. மனைவியைக் கணவனின் உடைமையாகக் கருதிய காலத்தில் பிறந்த உரிமை அது. பின்னாளில் மனைவியருக்கும் நீட்டப்பட்டது. இழப்பீட்டு அச்சத்தால் எந்த மணவாழ்வும் காப்பாற்றப்படுவதில்லை, திருமணத்தைக் காக்கும் பொறுப்பு அந்த இருவருடையதே என்பது நீதிமன்றத்தின் பார்வை.

3. மணவிலக்குக்குக் காரணமாகுமா? ஆகும். 1979ஆம் ஆண்டு மணவிலக்குச் சட்டத்தின்படி, மணவாழ்வு மீட்க முடியாத அளவு சிதைந்துவிட்டது என்று காட்ட வேண்டும். துணை பிறரோடு உறவு கொண்டதும், அதன் பின் சேர்ந்து வாழ இயலாது என்று மற்றவர் கருதுவதும் அதற்கான அடையாளங்களில் ஒன்றாக அந்தச் சட்டத்திலேயே சொல்லப்பட்டிருக்கிறது.

4. சொத்தில் பங்கு போகுமா? தானாகப் போகாது. கடுமையான தவறான நடத்தை, மணவாழ்வின் கால அளவு, அது முறிந்த சூழல் ஆகியவற்றைப் பார்த்து, ஒருவர் தகாத ஆதாயம் அடைவார் என்றால் அந்த ஆதாயத்தை இழக்கும்படி நீதிமன்றம் ஆணையிடலாம். ஒரு முறை நடந்த பிறழ்வுக்கும் குடும்பப் பணத்தை இன்னொரு வீட்டில் கொட்டியதற்கும் இங்கே வேறுபாடு உண்டு.

5. வெளியே பிறந்த குழந்தை? உயில் இல்லாத சொத்தில் அந்தக் குழந்தைக்கும் உரிமை உண்டு. பெற்றோர் மணமாகாதவர்கள் என்பதால் அது குறையாது.

6. சந்தேகப்பட்டு அடிப்பது? 1998ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் மதச் சடங்கால் மட்டும் மணந்தவர்களுக்கும் பாதுகாப்பு ஆணை தருகிறது. 'அவள் துரோகம் செய்தாள்' என்பது அடித்ததற்கு விடையாகாது.

பதிவில்லாத தாலி

மேலே 3, 4 ஆகிய இரண்டும் பதிவான திருமணத்துக்கு உரியவை. நம் சமூகத்தில் பல திருமணங்கள் சடங்கோடு நின்றுவிட்டன. பூசகர் திருமண அலுவலராக நியமனம் பெறாதவராக இருக்கலாம். பெற்றிருந்தும் 'பிறகு கையெழுத்துப் போடலாம்' என்று தள்ளிவிட்டிருக்கலாம்.

அப்படி மணந்த ஒரு பெண் வழக்கறிஞரைப் பார்க்கப் போவதாக எண்ணிக்கொள்ளுங்கள். பையில் கல்யாண ஆல்பம், மஞ்சள் தடவிய அழைப்பிதழ், நூறு பேர் நடுவே அவன் தாலி கட்டும் படம், இருபது ஆண்டு மின்சாரக் கட்டண ரசீதுகள். கணவன் இன்னொருத்தியோடு போய்விட்டான். வழக்கறிஞர் கேட்பது ஒரே ஒரு தாள். அது பையில் இல்லை.

2007இல் டர்பன் நீதிமன்றம் இத்தகைய ஒரு வழக்கில், பதிவில்லாத இந்துத் திருமணம் சட்டப்படி திருமணமல்ல, ஆகவே மணவிலக்கும் அளிக்க முடியாது என்றது. 2008இல் அதே நகரின் நீதிமன்றம் வேறொரு வழக்கில், கணவன் உயில் இல்லாமல் இறந்தால் அப்படி மணந்தவளுக்கும் மனைவியின் வாரிசுரிமை உண்டு என்றது. சேர்த்துப் படித்தால், கணவன் இறந்தால் அவள் மனைவி, அவன் ஓடிப்போனால் அவள் யாரோ. 1913இன் நிழல் இன்னும் முழுதாக விலகவில்லை.

முஸ்லிம்களுக்கு நிலை மாறியிருக்கிறது. 2022 ஜூன் 28 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் முஸ்லிம் திருமணங்களைச் சட்டம் ஏற்காதது அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. 2024இல் மணவிலக்குச் சட்டம் அதற்கேற்பத் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தம் முஸ்லிம் திருமணங்களைப் பற்றி மட்டுமே பேசுகிறது. பதிவில்லாத இந்துத் திருமணத்துக்கு அதில் இடமில்லை.

இரண்டு தாலிகள், ஒரு கையெழுத்து

எல்லா வகைத் திருமணங்களையும் ஒரே சட்டத்தின் கீழ்க் கொண்டுவரும் மசோதா ஒன்று 2023 இறுதியில் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. அத்தகைய சட்டம் ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு.

ஒருவன் கோயிலில் ஒருத்திக்குத் தாலி கட்டுகிறான், பதியவில்லை. பத்தாண்டு கழித்து அவளை விட்டு இன்னொருத்தியோடு போய், அந்த இரண்டாமவளை உள்துறை அலுவலகத்தில் பதிந்து மணக்கிறான். இது இருதாரம் அல்ல, ஏனெனில் முதல் திருமணம் சட்டத்தின் கணக்கில் இல்லை. பிறன்மனை உறவும் அல்ல, அவன் சட்டப்படி மணமாகாதவனாகவே இருந்தான். அரசின் ஏட்டில் இரண்டாமவள்தான் மனைவி. ஊரின் கண்ணில் அவள் சின்னவீடு. ஊரின் கண்ணில் பெரிய வீடாக இருப்பவள் அரசின் ஏட்டில் இல்லவே இல்லை. அவனைத் துரோகி என்று சொல்லக்கூட சட்டத்திடம் சொல் இல்லை. ஊரிடம் சொல் இருக்கிறது, ஆனால் ஊர் அதை அவனை விட்டுவிட்டு அந்த இரண்டாமவள் மேல் வீசுகிறது.

2021 டிசம்பர் 31 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம், மணமாகாமல் நிலையான துணையாக வாழ்ந்தவர்களுக்கும் உயிலில்லாச் சொத்தில் வாரிசுரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. முதலாமவளுக்கு இதில் ஒரு பிடி கிடைக்கலாம். ஆனால் துணைவர் இறக்கும் வரை இருவரும் ஒருவரையொருவர் தாங்கி வாழ்ந்திருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. விட்டுப்போனவனின் மனைவிக்கு அதை நிரூபிப்பது கடினம்.

மசோதா சட்டமாகும் வரை வழி ஒன்றுதான், அதற்கு வழக்கறிஞர் தேவையில்லை. நிச்சயதார்த்தத்தில் முகூர்த்தமும் மண்டபமும் பேசும்போதே, பெண் வீட்டார் பூசகரிடம் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். ஐயா, நீங்கள் நியமனம் பெற்ற திருமண அலுவலரா? பதிவேட்டை அன்றைக்கே மண்டபத்துக்குக் கொண்டுவருவீர்களா? இல்லை என்றால், கல்யாணத்துக்கு முன்பே உள்துறை அலுவலகத்தில் நாள் குறித்துவிட வேண்டும். பதிவேடு வருகிறது என்றால், தாலி கட்டி, அம்மி மிதித்து, தெரியாத அருந்ததியையும் பார்த்த பின், மணவறையை விட்டு இறங்குவதற்கு முன் மணமக்கள் இருவரும், அவர்களோடு இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். அந்தப் பக்கத்தில் மணமகனும் தன் பெயரைத் தன் கையாலேயே எழுத வேண்டியிருக்கிறது.